தடி எடுத்தவன்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

தம்பி எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். போன் வரவில்லையே என்று நீ இந்நேரம் பஸ் டெப்போ முழுக்கப் புலம்பித் தீர்த்திருப்பாய். முதல் நாளே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாத ஒப்பந்தம் முடியும்போதுதான் கைக்கு வருமாம். கடிதம் போட்டுக்கொள்ளலாம். "இந்தக் காலத்துல எவன்டா உட்கார்ந்து கடிதம் எழுதப்போறான்?" என்று கேப்டன் சிரித்தார். எங்கள் அக்காவை அவருக்குத் தெரியாது.

கேப்டன் என்றதும் பட்டாளம் என்று நினைத்துவிடாதே. இது தனியார் பாதுகாப்புக் கம்பெனி. எங்காவது கூட்டம் கூடினால், ஏதாவது கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தால், எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஹெல்மெட், கண்ணாடிக் கேடயம், ரப்பர் சுற்றிய தடி. வரிசையாக நிற்க வேண்டும். நின்றாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுமாம்.

எங்கள் கொட்டகையில் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் பட்டதாரிகள் என்றால் நம்புவாயா? என் மேல் கட்டிலில் படுப்பவன் கணக்கில் முதுகலை. அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறோம். எதிர்க் கட்டிலில் இயற்பியல் படித்தவன். கழுத்து நீளம், அதனால் ஒட்டகம். எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பான், தூக்கத்தில்கூட. நான் வரலாறு. "ஒரு காலேஜே ஆரம்பிக்கலாம்டா" என்கிறான் வாத்தியார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை வேண்டாம் என்றதில் உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். என் வகுப்பில் முப்பத்தொரு பேர். நாற்காலியில் உட்கார்ந்தது நாலே பேர்தான். ஒருத்தன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ரெண்டு பேர் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லித் தருகிறார்கள். ஒருத்தி முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள். ஆறேழு பேர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பரீட்சையை மறுபடி மறுபடி எழுதுகிறார்கள். பதினாறு வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவனை உடனே இன்னொரு பெஞ்சில் உட்காரச் சொன்னால் எப்படி? ஒரு வருடம் கை கால் அசைத்துவிட்டு வருகிறேன். திட்டாதே.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 20

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை நான் நாலு தரம் படித்தேன், மாமா ஒரு தரம் படித்துவிட்டு "மாப்பிள்ளைக்குக் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கு" என்றார். அவருக்குத் தொழில் புத்தி. நம்பர் பிளேட் எழுதுகிறவருக்கு விஷயம் முக்கியமா, எழுத்துதான் முக்கியம்.

திட்டாதே என்று எழுதிவிட்டால் திட்டக்கூடாதா? செக்யூரிட்டி வேலை என்றாயே, ஏதோ கண்ணாடிக் கதவு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் வைப்பாய் என்று நினைத்தேன். கேடயம், தடி என்கிறாய். கூட்டம் கூடினால் போவோம் என்கிறாய். யார் கூட்டம்? எதற்குக் கூடுகிறார்கள்? அதை ஏன் எழுதவில்லை? போன வருடம் எங்கள் டெப்போ வாசலில் நாங்கள் நாலு நாள் உட்கார்ந்தோமே, அதுவும் கூட்டம்தான். சீட் தைக்கிற நாங்கள் பதினோரு பொம்பளைகளும் அதில் இருந்தோம்.

அம்மா போனபோது உனக்கு எட்டு வயது. கரப்பான்பூச்சியை அடித்தால்கூட அழுவாய். நீ போய்த் தடி பிடித்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

பல்வலி எப்படி இருக்கிறது? கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டுப் போ என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா?

மறுபதில் போடு. தடியைக் கீழே வைத்துவிட்டுப் போடு.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். முதல் வேலை முடிந்துவிட்டது. ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். ஐம்பது குடும்பம் காலி செய்யமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. கோர்ட் உத்தரவு எங்களிடம் இருந்தது, அதனால் தப்பு எங்கள் பக்கம் இல்லை. காலை ஆறு மணிக்குக் கீழ்க் கதவை உடைத்தோம்.

மாடியிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். ஒட்டகத்துக்கு முதுகெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அம்மிக்கல் மாதிரி ஒன்று என் கேடயத்தில் விழுந்து கை மரத்துப்போனது. அதுவரை பின்னால் ஓடிவிடலாமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் விழுந்த பிறகு அந்த நினைப்பே போய்விட்டது. மூன்றாவது மாடியில் ஒருத்தன் இரும்புக் கம்பியோடு வந்தான். சொல்லிக்கொடுத்தபடி முழங்கையில் போட்டேன். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சத்தம். அவன் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கினபோதுகூட அப்படி இருந்ததில்லை. படிப்பில் ஒன்று செய்தால் அது சரியா தப்பா என்று தெரிய மூன்று மாதம் ஆகும். இங்கே அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது.

வாத்தியார் மட்டும் படிக்கட்டிலேயே தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் கொட்டகைக்கு வந்ததும் கேப்டன் அவனை நடுவில் நிற்கவைத்து, ஒட்டகம் நீங்கலாக எங்கள் பத்துப் பேரையும் ஆளுக்கு ஒரு அடி போடச் சொன்னார். பத்தில் நானும் ஒன்று. மெதுவாகத்தான் அடித்தேன். "தடவிக் கொடுக்கிறியா?" என்று கேட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். வாத்தியார் மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காது ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

"பயலுக்கு நெஞ்சுல தெம்பு இருக்கு" என்று கேப்டன் என்னைப் பற்றிச் சொன்னாராம். அடுத்த மாதம் முன் வரிசை.

பல்வலி இல்லை.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பி,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. முதல் முறையாக அவரிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

கோர்ட் உத்தரவு இருந்தது, சரி. வாத்தியாரை அடிக்க எந்தக் கோர்ட் உத்தரவு கொடுத்தது? உன் மேல் கட்டிலில் படுத்தவன் அவன். மெதுவாக அடித்தேன், அப்புறம் பலமாக அடித்தேன் என்று எழுதுகிறாயே, உப்பு கொஞ்சம் குறைச்சலாகப் போட்டேன், அப்புறம் சரியாகப் போட்டேன் என்கிற மாதிரி. தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். என் தம்பியும் அதில் ஒருத்தனாவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தானே அவன், அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்டா.

போன் போனால் போகட்டும், சம்பளம் போனால் போகட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கிளம்பி வா. வீட்டில் சும்மா படுத்துக்கிட. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நீ வரச் சொன்னபோதே வந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எரித்துவிடு. மாமாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி எங்களை ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு நாளாக வேலைநிறுத்தம். பேக்கிங் பிரிவுப் பெண்கள் முப்பது பேர் வாசலில் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நாலு லாரி சரக்கோடு நின்றது. அதை வெளியே கொண்டுவர வேண்டும். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கேப்டன் விசில் ஊதினதும் "சுவர்" என்று கத்திக்கொண்டு கேடயத்தை ஒட்டிவைத்து நடந்தோம். அவர்கள் எழுந்திருக்கவில்லை. மிதித்துக்கொண்டுதான் போனோம். காலடியில் கை, தலைமுடி, செருப்பு. கண்ணாடித் தூள் கிடந்த தரை, எல்லோர் முழங்காலிலும் ரத்தம்.

ஒரு பெண் என் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உன் வயதுதான் இருக்கும். உயரமும் அப்படியே. என் ஹெல்மெட் முகக் கண்ணாடியைச் சட்டென்று மேலே தூக்கிவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "படிச்ச பையன் மாதிரி இருக்கே தம்பி, உனக்கு எதுக்கு இது?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

தலையில் அடித்தேன். தலையில் அடிக்கக்கூடாது, கை காலில்தான் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் முழங்கால் போட்டுச் சரிந்தாள். மறுபடி அடித்தேன். முதல் அடி அவள் என் முகத்தைப் பார்த்துவிட்ட பயத்தில். இரண்டாவது அடிக்குக் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறேன். கிடைக்கவில்லை அக்கா.

நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். ஒன்பது நாள் கண்ணே திறக்கவில்லையாம். லாரி மேல் ஏறித் தவறி விழுந்தாள் என்று கம்பெனி எழுதிக்கொடுத்துவிட்டது. அதற்குக் கீழே நாங்கள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். கேப்டன் என் தோளில் தட்டி, "இனிமே நீதான் முன் வரிசைத் தலைவன்" என்றார்.

மறுபடியும் சொல்கிறேன். எரித்துவிடு.

தம்பி


மார்ச் 24

தம்பி,

எரிக்கவில்லை.

லீவு போட்டுவிட்டு ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஊருக்குப் போனேன். உன் கொட்டகை இருக்கும் தெருவைத் தாண்டித்தான் பஸ் போனது. நான் இறங்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். விலாசம் கேட்க வேண்டிய தேவையே இல்லை, தொழிற்சாலை வாசலில் யாரைக் கேட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள். யார் என்று கேட்டதற்கு, நானும் ஒரு யூனியன்காரி, கேள்விப்பட்டு வந்தேன் என்றேன். பொய் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அவள் தங்கை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "அக்கா லாரி டயர்லகூட கால் வெச்சு ஏறமாட்டா, அவளுக்கு உயரம்னாலே பயம். மேலேருந்து விழுந்தான்னு எழுதியிருக்காங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். இறந்தவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து உட்கார இடம் கொடுத்தாள். கடைசி வருடமாம். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். வரலாறு என்றாள். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர்களுக்காக ஒரு வக்கீலம்மா வாதாடுகிறார். கையில் ஒரு சாட்சியும் இல்லை என்கிறார். உட்கார்ந்திருந்த பெண்கள் சொன்னால் எடுபடவில்லை, எல்லோர் மேலேயும் கேஸ் போட்டுவைத்திருக்கிறார்கள்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் "அவனே வந்து சொன்னாத்தான் அவன் மனுஷனா மிஞ்சுவான். டைம் கொடு" என்றார். அவருக்காகக் கொடுக்கிறேன். ஏப்ரல் நாலு, வெள்ளிக்கிழமை. அதற்குள் நீயாக வந்து நின்று நடந்ததைச் சொல். நான் கூடவே வருகிறேன், கையைப் பிடித்துக்கொள்கிறேன், எத்தனை வருடமானாலும் வாசலில் காத்திருக்கிறேன். வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கடிதத்தை வக்கீலம்மா கையில் கொடுப்பேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் கொடுக்கும்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வது சரிதான். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்திரு. அதற்கு முன்னால் யாரிடமும் போகாதே. கடிதத்தை வீட்டிலேயே பத்திரமாக வை, வெளியே எங்கும் எடுத்துப் போகாதே, தொலைந்துவிடும்.

வியாழக்கிழமை நீ வேலைக்குப் போவாய்தானே? எனக்காக லீவு எதுவும் போட வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நீ வியாழக்கிழமை வருகிறாய் என்று நினைத்தோம். என்னை லீவு போட வேண்டாம் என்றது, என் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு மாமாவிடம் முதலில் பேசப்போகிறாய் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ரெண்டு நாளாக அதே பேச்சு. வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார். சவரம் பண்ணிக்கொண்டார். உன் கட்டிலில் விரிப்பு மாற்றினார்.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். "வா மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே திறந்திருக்கிறார்.

நாலு பேர். கடிதம் எங்கே என்று கேட்டார்கள். எந்தக் கடிதம் என்று கேட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையை மேஜை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கேள்வி, தெரியாது என்றால் ஒரு விரல். சுத்தியல் நம் வீட்டுச் சுத்தியல்தான். மூன்று விரல் முடிந்ததும் மயங்கிவிட்டார். அப்புறம் தோள் எலும்பை உடைத்தது ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, பதில் சொல்ல ஆள் நினைவில் இல்லாதபோது எதற்கு அடித்தார்கள்? பீரோ, அரிசி டப்பா, தலையணை எல்லாவற்றையும் கிழித்துக் கொட்டியிருக்கிறார்கள். அதில் ஒருத்தன் நீளக் கழுத்துக்காரன், இவர் மயங்குகிற வரைக்கும் சீட்டி அடித்துக்கொண்டே இருந்தானாம்.

கடிதம் என் வேலைப் பையில் இருந்தது. நீ வீட்டில் வை என்றாய், எனக்கு அதை விட்டுப் பிரிய மனமில்லை. மாமாவுக்கு அது தெரியும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நேரே டெப்போவுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

ரெண்டு விரலைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி தூரிகை பிடிக்க முடியாது. நேற்று மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை வந்தானா?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரிக்கே வந்த வக்கீலம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அது முடிந்த விஷயம், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். தபால் எல்லாம் உங்கள் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. என் கடிதத்தை அவர்களே பிரித்துப் படித்திருக்கலாம். இல்லை, நீயே சொல்லியிருக்கலாம். அவர்கள் வரப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுது. அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

தெரியும்.

அதற்கு மேல் எழுத வேண்டாம் என்றாய். மன்னித்துக்கொள், இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான்தான் கேப்டனிடம் சொன்னேன். நீ கெடு வைத்த கடிதம் வந்த அன்றைக்கே போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, அடிக்கவில்லை. பயத்தில் நானாகவே சொன்னேன். நீ டெப்போவில் இருப்பாய், மாமா கடையில் இருப்பார், வீடு பூட்டியிருக்கும், பூட்டை உடைத்துத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். எனக்காக அவர் கடையைச் சாத்துவார் என்று தோன்றவே இல்லை. அவரைத் தெரிந்தவனுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

ஒட்டகம் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மாமாவை அடித்தது எனக்குத் தெரிந்தது. அவன் சீட்டி அடித்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். கழுத்தைப் பிடித்தேன். எல்லோரும் சேர்ந்து என்னைப் பிரித்து இழுத்து, வாத்தியாரை நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார்கள். இந்த முறை மெதுவாக அடித்தவன் ஒருத்தனும் இல்லை. வாசலில் தூக்கிப் போட்டார்கள். இடது கண் இன்னும் திறக்கவில்லை, விலாவில் ஏதோ குத்துகிறது. இதை இரக்கத்துக்காக எழுதவில்லை, கையெழுத்து ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்பாயே என்பதற்காக.

அங்கிருந்து நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுத்தர் என்னைப் பார்த்துவிட்டு, "யாருப்பா அடிச்சாங்க, புகார் கொடுக்கணுமா?" என்று கேட்டார். "நான் அடிச்சதைச் சொல்ல வந்தேன்" என்றேன். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "படிச்சிருக்கியா?"

"வரலாறு."

"அப்ப நீயே எழுது" என்று தாளையும் பேனாவையும் தள்ளினார். ஐந்து பக்கம் எழுதினேன். கட்டடம், வாத்தியார், தொழிற்சாலை, நாங்கள் போட்ட பொய்க் கையெழுத்து, மாமா. அந்த இரண்டாவது அடியையும் எழுதினேன். காரணம் என்ன என்று எழுத்தர் கேட்டார். தெரியாது என்பதையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

மிஞ்சின ஒரு தாளில் இதை எழுதுகிறேன். நாளைக்கு மாஜிஸ்டிரேட்டிடம் கூட்டிப்போவார்கள். நீ வராதே. மாமா பக்கத்தில் இரு. அவருக்கு ஊட்டிவிட ஆள் வேண்டும்.

மாப்பிள்ளை வந்தானா என்று மறுபடி கேட்டால் இதையெல்லாம் சொல்லாதே. நீ சொல்ல வேண்டியது இல்லை இது. எத்தனை வருடம் கழித்து வெளியே வந்தாலும் நேரே அங்கே வந்து நானே சொல்கிறேன், அவர் கதவைத் திறந்தால்.

தம்பி